தங்கமீனுக்கு யார் துணை?

சனிக்கிழமை சாயங்காலம் கொளத்தூர் மீன் கடைகளில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஆக்ஸிஜன் அடைத்து ரப்பர் பேண்ட் போட்ட கவர்களைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரே பட்டியல்தான் இருக்கும். ஒரு ஜோடி கோல்டு ஃபிஷ், ஒரு ஜோடி ஏஞ்சல், நாலு டைகர் பார்ப், கண்ணாடியைச் சுத்தம் பண்ண ஒரு சக்கர். எல்லாம் இரண்டடித் தொட்டிக்கு. "எல்லாம் ஒண்ணா இருக்குமாண்ணே?" என்று கேட்டால், "கடையிலயே ஒண்ணாத்தானே சார் இருக்கு" என்று பதில் வரும்.

கடைக்காரர் சொல்வது பொய் இல்லை. கடைத் தொட்டி லாட்ஜ் மாதிரி. இரண்டு ராத்திரிக்கு யாரோடு வேண்டுமானாலும் அறையைப் பகிர்ந்துகொள்ளலாம். குடித்தனம் வேறு.

நானும் முதல் தடவை அதே பட்டியலைத்தான் வாங்கினேன். பத்தாம் நாள் ஒராண்டா வகைத் தங்கமீனின் வால் நுனி, எலி கடித்த துணி போல இருந்தது. டைகர் பார்ப்களின் வேலை. அதைக்கூடப் புரிந்துகொண்டேன். சக்கர் மீனின் மேல் மட்டும் சந்தேகமே வரவில்லை; பகலெல்லாம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பரம சாதுவாக இருந்தது. ஒருநாள் நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து, டார்ச் அடித்துப் பார்த்தால், அது ஒராண்டாவின் விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலையில் அந்த இடத்தில் செதில் போய், ஐம்பது பைசா அளவுக்குச் சிவந்திருந்தது. தங்கமீன் மெதுவாக நீந்தும், அகலமான உடம்பு, மேலே சத்துள்ள சளிப்படலம். பாசி தீர்ந்துபோன தொட்டியில் சக்கருக்கு அதைவிட வசதியான சாப்பாடு கிடையாது.

அதற்குப் பிறகு எந்த மீனைத் துணைக்கு யோசித்தாலும் மூன்றே கேள்விகள்தான் கேட்கிறேன். அதற்கு எந்த வெப்பம் பிடிக்கும்? அதன் வாய் எப்படி? அதன் வேகம் என்ன? இந்த மூன்றிலும் தங்கமீனோடு ஒத்துப்போகிற மீன்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. ஆனால் அவற்றுக்குப் போகும் முன் தண்ணீரைப் பற்றிப் பேசியாக வேண்டும். துணை சரியில்லாமல் செத்த தங்கமீன்களைவிடத் தண்ணீர் சரியில்லாமல் செத்தவைதான் அதிகம் என்பது என் அனுபவம்.

குளிர்ந்த ஊர்க்காரர்

தங்கமீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயிரம் வருடங்களுக்கு முன்பே சீனாவில் குளத்துக் கெண்டையிலிருந்து நிறம் பார்த்துப் பொறுக்கி வளர்த்து உண்டாக்கியது. அந்த ஊர்க் குளங்களில் குளிர்காலம் உண்டு. அதனால் 18 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரைதான் தங்கமீனுக்குச் சுகம். ஏஞ்சல், ஃபைட்டர், டெட்ரா எல்லாம் வெப்பமண்டலத்து மீன்கள். 25-க்கு மேல்தான் அவற்றுக்குத் தெம்பு. இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டால் யாராவது ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சகித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தொட்டியோடு சேர்த்து ஹீட்டரையும் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வாங்காதீர்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும்கூடத் தங்கமீனுக்கு அது தேவைப்படாது. நம் சிக்கல் எதிர்ப்பக்கம். மே மாதம் சென்னையில் மாடி வீட்டுத் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்ஸிஜன் கரைவது குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். அதே நேரம் மீனின் உடம்பு வேகமாக இயங்கி அதிக ஆக்ஸிஜன் கேட்கும். வரவு குறைந்து செலவு கூடும் கதை. காலையில் எழுந்து பார்க்கும்போது மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால் பசி என்று நினைத்துத் தீனி போடாதீர்கள். மூச்சுத் திணறல் அது.

கோடையைக் கடக்கப் பெரிய செலவு வேண்டாம். தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள். ஒரு சின்ன டேபிள் ஃபேனை நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக வீசும்படி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும்; தண்ணீர் ஆவியாகும், அதை அவ்வப்போது ஊற்றி நிரப்ப வேண்டும். ஏர் பம்ப் ராப்பகலாக ஓடட்டும். ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலை மூடியோடு மிதக்க விடலாம், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். ஐஸ் கட்டியை நேரே கொட்டினால் வெப்பம் சட்டென்று விழும். மீனுக்கு சூட்டைவிட அந்தத் திடீர் மாற்றம்தான் ஆபத்து. கரண்ட் போனால் ஓடுகிற பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது.

எவ்வளவு தண்ணீர்?

ஒரு கன அடிக்கு 28 லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டடிக்கு ஒரு அடிக்கு ஒரு அடித் தொட்டி என்றால் 56 லிட்டர். கல்லும் காலி இடமும் போக ஐம்பதுகூட நிற்காது. உருண்டை உடம்புள்ள ஒரு தங்கமீனுக்கே 75 லிட்டர் வேண்டும். கூட வரும் ஒவ்வொன்றுக்கும் 40 லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் இரண்டு மீன். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருந்தால் நாலு, ஐந்து.

"இவ்வளவு சின்ன மீனுக்கா?" என்று தோன்றும். கடையில் விரல் நீளத்தில் இருப்பது குஞ்சு. ஒராண்டா, ரியூகின் வகைகள் அரையடி தாண்டும். கோமெட் ஒரு அடி வரும். ஆயுளும் அப்படித்தான். ஒழுங்காக வளர்த்தால் பத்து, பதினைந்து வருடம். இங்கிலாந்தில் 1956-இல் ஒரு திருவிழாச் சந்தையில் பரிசாகக் கிடைத்த டிஷ் என்ற தங்கமீன் 1999 வரை, 43 வருடம் இருந்து கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது. நம் வீடுகளில் மூன்று மாதத்தில் போய்ச் சேருவதை அதன் ஆயுள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வரவேற்பறையில் வைக்கிற கண்ணாடிக் கிண்ணத்தைப் பற்றி ஒரே வரி: ரோம் நகராட்சி 2005-இல் அதைத் தடையே செய்துவிட்டது.

மெட்ரோ, போர், லாரி, கேன்

தங்கமீனுக்கு பி.எச். 7 முதல் 8 வரை, ஓரளவு கடினமான தண்ணீர் பொருந்தும். நம் ஊர்த் தண்ணீரைக் குறை சொல்லியே பழகிவிட்ட நமக்கு இது நல்ல செய்தி. வாளியில் வெள்ளைப் படிவு விடுகிற போர் தண்ணீர் தங்கமீனுக்கு ஒத்துக்கொள்ளும். என் தொட்டியில் டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) 300 முதல் 800 வரை எது வந்தாலும் நான் கவலைப்படுவதில்லை. அதற்கு மேல் போய், நாக்கில் கரிக்கிற கடலோரத் தண்ணீராக இருந்தால் மட்டும் கொஞ்சம் கேன் தண்ணீர் கலப்பேன். நிலத்தடியிலிருந்து அப்போதுதான் ஏறி வந்த தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு என்பதால், டிரம்மில் பிடித்து ஒரு ராத்திரி காற்று விட்டுப் பிறகு ஊற்றுவது நல்லது.

மெட்ரோ தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும். நமக்கு அது பாதுகாப்பு. மீனுக்குச் செவுளைப் பொசுக்கும் மருந்து. அகலமான பாத்திரத்தில் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் வைத்தால் போய்விடும். அவசரத்துக்குக் கடைகளில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சொட்டு மருந்து போதும். அதில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்ஃபேட். பழைய ஸ்டூடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொல்வார்களே, அதேதான். குளோரின் வாடை மூக்கில் ஏறுகிற நாள்களில் இரண்டையும் செய்யுங்கள்.

ஆர்.ஓ. கேன் தண்ணீர்தான் சுத்தம் என்று தொட்டி முழுக்க அதையே நிரப்புகிறவர்கள் உண்டு. அதில் தாது உப்புகள் ஏறக்குறைய இல்லை. தொட்டியில் கழிவு மக்க மக்க உண்டாகும் அமிலத்தைத் தாங்கிப் பிடிப்பவை அந்த உப்புகள்தான். அவை இல்லாவிட்டால் பி.எச். ஒருநாள் படியில் உருண்ட குடம் மாதிரி இறங்கிவிடும்.

கண்ணாடி மாதிரித் தெளிந்த நஞ்சு

தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேரே குடலுக்குப் போகும். அதனால் ஓயாமல் மேயும், ஓயாமல் கழிக்கும். செவுள் வழியாகவும் அம்மோனியா வெளியேறிக்கொண்டே இருக்கும். இந்த அம்மோனியாவுக்கு நிறமும் இல்லை. மீனைக் கொல்லும் அளவில்கூட நமக்கு வாடை தெரியாது. தொட்டி பளிச்சென்று இருக்கும்போதே மீன் அடியில் துடுப்பை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இதைத் தீர்ப்பவை ஃபில்டர் பஞ்சில் குடியேறும் பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், அதுவும் நஞ்சு. இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். இது அவ்வளவு மோசமில்லை, தண்ணீர் மாற்றும்போது வெளியேறிவிடும். இந்தக் குடியேற்றம் முடிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும். புதுத் தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்குவது, அடுப்பு வைக்காத வீட்டுக்கு விருந்தாளியை அழைப்பது போல. நண்பர் யாராவது ஆரோக்கியமான தொட்டி வைத்திருந்தால் அவருடைய பழைய ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள். மீன் உலகத்தில் அதுதான் உறை மோர்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை ஆள் வந்து தொட்டியை சர்வீஸ் செய்வார். மீன்களை வாளியில் போட்டு, தண்ணீர் முழுவதையும் இறைத்து, கல்லையும் பஞ்சையும் குழாயடியில் வெள்ளை வெளேரென்று அலசிப் புதுத் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போவார். பார்க்க அழகாக இருக்கும். நாலைந்து நாளில் ஒரு மீன் மிதக்கும். குளோரின் தண்ணீரில் அலசியபோதே பாக்டீரியாக் கூட்டம் செத்துவிட்டது. மறுநாளிலிருந்து அம்மோனியா ஏற ஆரம்பித்துவிட்டது. பஞ்சை அலச வேண்டுமானால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை தண்ணீர் மாற்றுங்கள். முழுக்க ஒருபோதும் மாற்ற வேண்டாம்.

சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள். மீன் வாங்கும் காசில் அதற்கு முதலில் ஒதுக்கச் சொல்வேன். அம்மோனியா சோதனையில் குழாயில் உள்ள தண்ணீர் கடலைப்பருப்பு நிறத்தில் நின்றால் நிம்மதி. பாசிப்பயறு நிறத்துக்குப் போனால் அன்றே பாதித் தண்ணீரை மாற்றி, தீனியை இரண்டு நாள் நிறுத்துங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் 40 பி.பி.எம். தாண்டக் கூடாது. பி.எச். 7-இல் இருப்பதைவிட 8-இல் அதே அம்மோனியா ஏறக்குறைய பத்து மடங்கு நஞ்சாக வேலை செய்யும் என்பதால், போர் தண்ணீர்க்காரர்கள் இதில் இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

ஃபில்டர் வாங்கும்போது அட்டையில் லிட்டர் கணக்கு பாருங்கள். 120 லிட்டர் தொட்டி என்றால் மணிக்கு 800 முதல் 1000 லிட்டர் வரை இறைப்பது வேண்டும்.

தங்கமீனுக்குத் தங்கமீன்

இனி துணை. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தங்கமீனுக்கு உற்ற துணை இன்னொரு தங்கமீன்தான். அதிலும் ஒரே உடல்வாகு பார்க்க வேண்டும்.

தங்கமீன்களில் இரண்டு சாதி. நீண்ட ஒல்லி உடம்பும் ஒற்றை வாலும் கொண்ட சாதாரணத் தங்கமீன், கோமெட், ஷுபுன்கின் ஒரு பக்கம். முட்டை உடம்பும் இரட்டை வாலும் கொண்ட ஒராண்டா, ரியூகின், பிளாக் மூர், ரான்சு, பேர்ல்ஸ்கேல் இன்னொரு பக்கம். முதல் கூட்டம் அம்பு மாதிரி பாயும். தீனி தண்ணீரைத் தொடுவதற்குள் பாதியை முடித்துவிடும். ஒராண்டா உடம்பை ஆட்டி ஆட்டி மேலே வந்து சேரும்போது வெறும் தண்ணீர்தான் இருக்கும். சண்டை எதுவும் இல்லாமலே ஒன்று கொழுக்கும், இன்னொன்று இளைக்கும். கோமெட் வகைகளை மாடித் தோட்டத்து சிமெண்ட் தொட்டிக்கோ குளத்துக்கோ அனுப்புங்கள். கொசுப் புழுவையும் தின்று தீர்க்கும்.

உருண்டை மீன்களுக்குள்ளும் தராதரம் உண்டு. பிளாக் மூருக்குக் கண் பெரிது, பார்வை மந்தம். பப்பிள் ஐ கண்ணுக்குக் கீழே நீர்ப்பை இரண்டைச் சுமந்து அலைகிறது. செலஸ்டியல் மேலே மட்டுமே பார்க்கும். கடைசி இரண்டையும் மற்ற தங்கமீன்களோடுகூடப் போடாதீர்கள். கூரான கல், பிளாஸ்டிக் செடி, கப்பல் பொம்மை எதுவும் அவற்றின் தொட்டியில் இருக்கக் கூடாது.

வேறு இனம்தான் வேண்டும் என்றால் வழி குறுகலானது. வைட் கிளவுட் மின்னோ குளிர்ந்த நீரை விரும்பும் சின்ன மீன், சீனாவிலிருந்து வந்ததுதான். மலை ஊர்களில் நன்றாக ஒத்துப்போகும், சென்னை மே மாதத்தில் அதுவே திணறும். ஜீப்ரா டேனியோ நம் கங்கைச் சமவெளி மீன், வெப்ப மாற்றத்தைத் தாங்கும், பிடிபடாமல் ஓடும். ஆறுக்குக் குறையாமல் விட்டால் தங்களுக்குள் விளையாடிக்கொண்டு மற்றவர் வாலைத் தொடாது. நன்கு வளர்ந்த ஜீப்ராக்களை வாங்குங்கள். வாய்க்குள் போகிற எதையும் தங்கமீன் தின்றுவிடும். ரோஸி பார்பைக் கோமெட்டோடு விடலாம், ஒராண்டாவோடு விட நான் துணிய மாட்டேன். டோஜோ லோச் என்ற பாம்பு போன்ற அடிமட்ட மீன் மிகப் பொருத்தமானது, ஆனால் நம் கடைகளில் எளிதில் சிக்குவதில்லை. ஆப்பிள் நத்தை விட்டால் உணர்கொம்புகளைத் தங்கமீன் கொத்திக்கொண்டே இருக்கும். சின்ன நத்தைகள் நொறுக்குத் தீனி.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். கப்பியும் நியான் டெட்ராவும் இரையாகும். மோலி வாலைக் கொத்தும். ஃபைட்டருக்குச் சூடு வேண்டும். விசிறி மாதிரி வாலைப் பார்த்தால் எதிரி என்று நினைக்கும். கோரிடோராஸின் துடுப்பு முள் தங்கமீனின் தொண்டையில் சிக்கி இரண்டுமே செத்த கதைகள் உண்டு. ஷார்க் என்று விற்கும் மீன் பெரும்பாலும் பங்காசியஸ். ஒரு மீட்டருக்கு மேல் வளரும். கோய் கார்ப் குளத்துக்கு. ஃபிளவர்ஹார்ன், ஆஸ்கர், பாரட் எல்லாம் கேட்கவே வேண்டாம்.

புது மீன் எதுவானாலும் மூன்று வாரம் தனி டப்பாவில், ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு வைத்துப் பாருங்கள். பண்ணைக் குளத்திலிருந்து வரும் தங்கமீன்களில் மீன் பேனும், நூல் போலத் தொங்கும் ஆங்கர் புழுவும் அடிக்கடி இருக்கும். பத்து லிட்டருக்கு 20 கிராம் கல் உப்பைக் கரைத்து இரண்டு மூன்று தவணையாகச் சேர்த்தால் வெண்புள்ளிக்கும் செவுள் எரிச்சலுக்கும் ஓரளவு தாங்கும்; பேனுக்கும் புழுவுக்கும் உப்பு போதாது, மருந்து கேட்டு வாங்க வேண்டும். கடைக் கவரை இருபது நிமிடம் மிதக்க விட்டு வெப்பம் சமமான பின் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கவர்த் தண்ணீர் சாக்கடைக்கு.

உங்கள் வீட்டில் ஏற்கெனவே கலந்து கிடக்கிறது என்றால் இன்று ராத்திரி விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். சக்கர் எங்கே ஒட்டியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். அதைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். காசு கேட்காமல் கொடுத்தால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். ஏரியிலோ கோயில் குளத்திலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகிக் கிடக்கிறது. அதன் முள் உடம்பு மீனவர் வலையைக் கிழிக்கிறது.